குடியுரிமைக் காகிதங்களை வீட்டிலேயே அடுக்கி வைப்பது எப்படி

"ஆதார் கீதே அக்கா, அது போதாதா?" வியாசர்பாடியில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இந்தக் கேள்வி பல வருஷமாகக் காதில் விழுகிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் வந்தது. 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பெயர் எங்கே என்று தேடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்கிறவர்கள் குரலில் பயமும் சேர்ந்துவிட்டது. பயப்பட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆதார் போதாது. அந்த எண் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 9ஆவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்திருந்தால் வெளிநாட்டுக்காரரும் ஆதார் வாங்கலாம். பான் கார்டு வருமான வரிக்கு. ரேஷன் கார்டு அரிசி, பருப்புக்கு. வாக்காளர் அட்டைக்குக் கொஞ்சம் கனம் அதிகம், ஏனென்றால் குடிமக்கள் பெயர் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருக்கலாம். ஆனாலும் அது ஒன்றே முடிவான ஆதாரம் ஆகிவிடாது. பாஸ்போர்ட் இவை எல்லாவற்றையும் விடப் பலமானது.

இதே மண்ணில் பிறந்து அதனால் குடிமகன் ஆனவருக்கு, "இவர் இந்தியக் குடிமகன்" என்று எழுதிய தனி அட்டை எதையும் அரசு கொடுப்பதில்லை. குடியுரிமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அது விண்ணப்பித்துப் பதிவின் மூலம் குடியுரிமை வாங்கியவர்களுக்கும், பல ஆண்டு இங்கே வசித்து அதன் பேரில் வாங்கியவர்களுக்கும் மட்டும். மற்றவர்கள் எப்போது பிறந்தோம், எங்கே பிறந்தோம், யாருக்குப் பிறந்தோம் என்ற மூன்றையும் காட்டும் காகிதங்களைச் சேர்த்துத்தான் நிரூபிக்க முடியும். அதைத்தான் வீட்டுக்கோப்பு என்கிறேன்.

தேதியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டில் வீட்டில் உள்ள எல்லார் பெயரையும் எழுதுங்கள். தாத்தா, பாட்டி இறந்துவிட்டிருந்தாலும் எழுதுங்கள். பக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த ஊர், ஆஸ்பத்திரியா வீடா என்று குறியுங்கள். இப்போது ஒவ்வொருவரையும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவோடு பொருத்திப் பார்க்கலாம்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவுக்குள் பிறந்தவருக்கு, பிறந்த இடம் மட்டுமே போதும். தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, அப்பா அம்மா எந்த நாட்டுக்காரர் என்று சட்டம் கேட்கவில்லை. 1980இல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்த ஒருவருக்கு அவருடைய பிறப்புச் சான்றே முழுக் கதையையும் சொல்லிவிடும்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். ஆகவே இவருக்குத் தன் சான்றோடு பெற்றோரில் ஒருவரின் சான்றும் வேண்டும்.

2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இன்றைக்குக் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு அப்பா, அம்மா இருவருடைய காகிதமும் தேவை.

இந்தத் தேதிகள் சும்மா விழவில்லை. 1950க்கு முன்பு நம் தாத்தாக்கள் பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள், அவ்வளவுதான். நாடு பிரிந்தபோது யார் இந்தியர் என்று எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. வேறு ஒரே ஒரு பிரிவைத் தவிர எந்தப் பிரிவும் வரைவுக் குழுவுக்கு இவ்வளவு தலைவலி தரவில்லை என்று அம்பேத்கர் 1949 ஆகஸ்ட் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். குடியரசு நாளுக்குக் காத்திருக்காமல் 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டப் பிரிவுகளில் குடியுரிமையைப் பற்றிய 5 முதல் 9 வரையிலான பிரிவுகள் அடங்கும். வீட்டில் 1950க்கு முன் பிறந்த ஆயா இருந்தால் அவரைப் பற்றிச் சொல்வது அந்த 5ஆவது பிரிவுதான். இங்கேயே நிலையாகக் குடியிருந்து, இங்கே பிறந்தும் இருந்தால் அவர் குடிமகள்.

பிறகு அசாமில் வெளிநாட்டவர் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. 1985இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைத் தொடர்ந்து வந்த 1986ஆம் ஆண்டுத் திருத்தம், பிறந்த மண் மட்டும் போதும் என்ற விதியை நாடு முழுக்கவே முடித்துவைத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு பூட்டையும் போட்டது. எங்கோ வடகிழக்கில் நடந்ததற்கு இங்கே கொடுங்கையூரில் ஒரு பிள்ளை ஏன் காகிதம் தேடவேண்டும் என்று கேட்டால், விடை இதில் இருக்கிறது.

பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும்

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். குடியிருக்கும் வீட்டுக்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லை. வீடு மீஞ்சூரில் இருந்தாலும் பிரசவம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் என்றால் சென்னை மாநகராட்சியில் தேடுங்கள். மாநகராட்சி இணையதளத்தில் பிறந்த தேதியை வைத்துத் தேடி இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் இரண்டு இடங்களில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று தலைப்பிரசவம். அம்மா முதல் பிள்ளைக்குத் தாய்வீடு போயிருப்பார். ஆகவே தங்கை, தம்பிக்கெல்லாம் ராயபுரத்தில் சான்று கிடைக்கும், மூத்தவருக்கு மட்டும் செய்யாறிலோ திண்டிவனத்திலோ தேட வேண்டியிருக்கும். இரண்டாவது திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம். இவை 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன் அங்கே பிறந்தவர் பதிவு பழைய நகராட்சிப் புத்தகத்தில் இருக்கும். இணையத்தில் வரவில்லையென்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்டாமல் அந்தந்த மண்டல அலுவலகத்துக்குப் போய்ப் பழைய ஏட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய சான்றுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. "ஆண் குழந்தை" என்று மட்டும் போட்டு அப்பா அம்மா பெயர் இருக்கும். பெயர் இல்லை என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, ஆஸ்பத்திரி நான்கும் பொருந்தினாலே அது நல்ல ஆதாரம். பெயரைச் சேர்க்க 15 ஆண்டு வரை விதியில் இடம் இருக்கிறது. அதைத் தாண்டியவர்கள் அப்போதைக்கு நீட்டிப்பு ஏதாவது இருக்கிறதா என்று மண்டல அலுவலகத்தில் கேட்கவேண்டும்.

"நான் வூட்லயே பொறந்தவ, பதியவே இல்ல" என்று சொல்லும் அம்மாக்கள் நிறைய. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டும். அதற்கு முதலில் "பதிவேட்டில் இல்லை" என்ற சான்றை வாங்குங்கள். பிறகு பள்ளி டி.சி., பத்தாவது மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, அண்ணன் தம்பிகளின் பிறப்புச் சான்று என்று கையில் கிடைப்பதையெல்லாம் வைத்து மனுக் கொடுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் படித்திருந்தால் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். அரைநூற்றாண்டு பழைய பதிவேடுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். பள்ளியில் சேர்க்க, பாஸ்போர்ட் வாங்க, வாக்காளர் பட்டியலில் சேர, எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடம் இரண்டையும் காட்ட இனி பிறப்புச் சான்றுதான். பள்ளி டி.சி. அந்த வேலையைச் செய்யாது. பெயரோடு சேர்த்து முதல் வருஷத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றே கிடைக்காத முந்தைய தலைமுறைக்கு மற்ற காகிதங்கள் துணை நிற்கும். வடசென்னையில் அவை எங்கே இருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள். பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தாவின் சர்வீஸ் சான்று, துறைமுகத் தொழிலாளி அட்டை, பி.எஃப். தாள், குடிசை மாற்று வாரியம் வீடு ஒதுக்கிய ஆணை, சாதிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலின் பக்கம். ஒரு பக்கம் கிடைத்தாலும் அதில் உள்ள தெருப் பெயர், வீட்டு எண், அப்பா பெயர் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். எழுத்து மாறியிருந்தால், முனியம்மா ஒரு இடத்தில் முனியம்மாள் என்று இருந்தால், அதையும் குறியுங்கள். பின்னால் பிரமாணப் பத்திரம் எழுதும்போது எல்லா வடிவத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடல் தாண்டி வந்த குடும்பங்கள்

என் அம்மா வழி ஆயா ரங்கூனில் பிறந்தவர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. 1962இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, கப்பல் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். "நாம பர்மாக்காரங்களாச்சே, நம்மள என்ன பண்ணுவாங்களோ" என்று இந்த வீடுகளில் இன்றும் கேட்கிறது. அவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: இங்கே வந்தபின் 1987 ஜூலைக்கு முன் பிறந்த உங்கள் பிள்ளைகள் பிறப்பாலேயே இந்தியர்கள். உங்கள் பர்மா காகிதம் கிடைக்கிறதா இல்லையா என்பதை அவர்கள் குடியுரிமை நம்பி இருக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் அங்கிருந்துதான் சங்கிலி தொடங்கும். ஆகவே முதலில் அந்தத் தலைமுறையின் பிறப்புச் சான்றைப் பிடியுங்கள். அதோடு ஆயா கொண்டுவந்த பயணச் சான்று, இந்திய பாஸ்போர்ட், முகாம் அட்டை, கடனுதவி ஆணை, மனை ஒதுக்கீடு எது இருந்தாலும் அது அவருடைய பக்கத்தைப் பலப்படுத்தும்.

இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் கதை வேறு. 1948ஆம் ஆண்டுச் சிலோன் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக எழுதினார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய விருப்பத்தையும் கேட்காமல் மனிதர்களை இப்படிப் பங்கு போட்டதை என்னால் இன்றும் ஆறிப்போய்ப் படிக்க முடியவில்லை. இந்த ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியவர்களிடம் இந்திய பாஸ்போர்ட்டும், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்கும். பதிவின் மூலம் பெற்ற குடியுரிமைக்கு அவைதான் சாட்சி. மடிப்பில் கிழிந்திருந்தாலும் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் நிலை இவர்களை விடக் கடினம். புழல் காவாங்கரை முகாமில் இருக்கும் ஒருவர், மண்டபம் முகாமில் 1986இல் பிறந்திருந்தால் முதல் வரிசைப்படி அவர் இந்தியக் குடிமகன். இது வெறும் வாதம் இல்லை. அப்படி மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. ஆனால் இப்படிப்பட்டவருக்கு, அதே பெற்றோருக்கு 1988இல் பிறந்த தம்பி ஒருவர் இருந்தால் அவருக்கு அந்த வழி இல்லை. ஒரே கூரைக்குக் கீழே அக்கா குடிமகள், தம்பி அகதி.

முகாமில் இருக்கும் ஆணை உள்ளூர்ப் பெண் கட்டிக்கொண்டு, 2004 டிசம்பருக்குப் பின் குழந்தை பிறந்திருந்தால் அங்கே கவனம் வேண்டும். விசா இல்லாமல் வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்றே சட்டம் வரையறுக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அது குடியுரிமை தரவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. இந்த வகைக் குடும்பங்கள் ஜெராக்ஸ் கடையில் ஆலோசனை கேட்பதோடு நிறுத்தாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். குழந்தையின் பிறப்பைப் பதிவதற்கு மட்டும் தயங்கவே வேண்டாம். பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பைப் பதிந்து சான்று கொடுப்பது பதிவாளரின் கடமை.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால்

மகன் துபாயில், மருமகள் அங்கேயே பிரசவம் என்றால், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ போய் அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கியவருக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை அந்த நாளோடு முடிந்தது. அவர் பெயர் இன்னும் இங்கே வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டையை வாங்கினால் விசா இல்லாமல் வந்துபோகலாம், ஓட்டுப் போட முடியாது.

குடிமகனுக்கு என்ன கிடைக்கிறது, மற்றவருக்கு என்ன

அரசியல் சட்டத்தில் சமத்துவம் பேசும் 14ஆவது பிரிவும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவும் இந்த மண்ணில் நிற்கிற எல்லாருக்கும். வழிபாட்டு உரிமையும் அப்படியே. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் அப்படியே. ஆகவே அகதிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று ஒரு பள்ளி சொன்னால் அது தவறு. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, நாட்டில் எங்கும் போய் வாழும் உரிமை அடங்கிய 19ஆவது பிரிவு, அரசு வேலையில் சம வாய்ப்புத் தரும் 16ஆவது பிரிவு, ஓட்டுரிமை தரும் 326ஆவது பிரிவு இவை குடிமக்களுக்கு மட்டும். காசிமேட்டில் வலை பின்னும் அண்ணன் தெருவில் இறங்கிக் கோஷம் போடுவதும், மாநகராட்சி வேலைக்கு மனுப் போடுவதும் இந்தப் பிரிவுகளின் பலத்தில்தான்.

காகிதத்தைக் காப்பாற்றுவது

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் மிதந்ததை நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்தோம். கோடையில் குடிசை எரிந்தால் முதலில் போவதும் காகிதம்தான். அசலைக் கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மை கலங்கும், முத்திரையைத் தொட்டுச் சரிபார்க்க முடியாது. இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். வேறு பேட்டையில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு ஜெராக்ஸ் செட் இருக்கட்டும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

நோட்டீஸ் வந்தால்

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு ஆட்சேபம் வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நோட்டீஸ் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல், அவர் காட்டும் ஆதாரங்களைப் பாராமல் நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணைக்குக் கட்டாயம் போங்கள், நகல்களைக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். முடிவு பாதகமாக வந்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும், அங்கும் சரியாகவில்லையென்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. பாரிமுனையில் உயர் நீதிமன்றப் பக்கம் போய்ச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். நோட்டீஸின் அசலையும், மற்றவற்றின் நகல்களையும், பெயரும் தேதியும் எழுதிய அந்த நோட்டையும் கையில் கொண்டுபோங்கள்.